காய்ச்சல் வந்தாலே வலிப்பு: தினமும் மருந்தா, காய்ச்சல் நாட்களில் மட்டுமா, ஒன்றுமே வேண்டாமா?

கோத்தகிரி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு எஸ்டேட் ஓரத்தில் இருக்கிறோம். மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம், எடை 11 கிலோ. காய்ச்சலோடு ஃபிட்ஸ் இதுவரை மூன்று முறை வந்துவிட்டது. முதலில் பதினொன்றாம் மாதத்தில், அப்புறம் ஒன்றரை வயதில், மூன்றாவது பத்து நாளுக்கு முன்.

அன்று சாயங்காலம் மூக்கு மட்டும்தான் ஒழுகியது. உடம்பு சுடவே இல்லை. இரவு ஒன்றரை மணிக்குக் கட்டில் அதிர்வது போலிருந்து விழித்தேன். கண் மேலே சொருகியிருந்தது. இரண்டு கையும் இரண்டு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பல் கிட்டிவிட்டது, உதடு நீலம். தொட்டால் நெருப்பு. மாமியார் ஓடிவந்து இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். நான் பல்லுக்கு நடுவே ஸ்பூன் வைக்கப் போனேன், கணவர் கையைத் தட்டிவிட்டார். மணி பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எஸ்டேட் ஜீப்பைக் கூப்பிட்டு, பனிமூட்டத்தில் ஊர்ந்து போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. வலிப்பு ஜீப் வருவதற்கு முன்பே நின்றிருந்தது. அங்கே போனதும் கண்ணைத் திறந்து என் பொட்டைத் தொட்டான்.

அந்த மருத்துவமனையில் ஃபீனோபார்பிட்டோன் சிரப் எழுதி, "இரண்டு வருடம் தினமும் விடாமல் கொடுங்கள்" என்றார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஆறு நாளாகக் கொடுக்கிறோம். தூங்குவதில்லை, காரணமில்லாமல் கத்துகிறான், தலையணையைத் தூக்கி எறிகிறான். இப்படி இருந்த பிள்ளையே இல்லை. கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டர் போனில் கேட்டுவிட்டு, காய்ச்சல் வரும்போது மட்டும் மூன்று நாள் க்ளோபசாம் போதும் என்கிறார். உறவில் ஒரு டாக்டர் அண்ணன், எதுவுமே வேண்டாம், ஐந்து வயதில் தானாகப் போய்விடும் என்கிறார். மூன்று பேரும் படித்தவர்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது?

கூடலூர் தகப்பன்

சகோதரி, எங்கள் மகளுக்கும் இதே கதைதான். இப்போது ஆறு வயது, ஒன்றும் இல்லை, நன்றாக ஓடியாடுகிறாள். ஒன்றேகாலிலிருந்து நாலு வயதுக்குள் ஐந்து முறை வந்தது. இரண்டாவதுக்குப் பிறகு க்ளோபசாம் எழுதிக் கொடுத்தார்கள். 5 மி.கி. மாத்திரை, காலையில் பாதி, இரவில் ஒன்று, காய்ச்சல் தொடங்கியதும் மூன்று நாள். அது அவள் எடைக்கு எழுதியது, உங்கள் பையனுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்து கொடுத்த நாட்களில் வலிப்பு வந்ததில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளும் குழந்தை குடித்தவர் மாதிரி தள்ளாடும். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்குப் பதினேழு கல்படி. இரண்டாவது தடவை கொடுத்தபோது மூன்றாம் படியில் கால் மடங்கி விழுந்து, புருவத்தில் தையல் போட்டோம். அதன்பின் மருந்து நாட்களில் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவோம். மலை வீடுகளில் படி இல்லாத வீடு எது?

ஓய்வு பெற்ற நர்ஸ், ஊட்டி

முதலில் ஒன்று. வாயில் ஸ்பூன், துணி, விரல் எதுவும் வைக்காதீர்கள் அம்மா. பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழலில் போகும். தண்ணீரும் மருந்தும் வாயில் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். கழுத்துப் பட்டன், ஸ்வெட்டர், மங்கி கேப் எல்லாம் கழற்றுங்கள். கையை அழுத்திப் பிடிக்காதீர்கள். மணி பாருங்கள். சாவி ஒன்றும் செய்யாது. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருந்ததால் அதற்குப் பெயர் கிடைத்தது. பெரியவர் மனம் நோகாமல், "அத்தை, நீங்கள் மணியைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

மலையூர் குழந்தை மருத்துவர்

குழந்தையை நேரில் பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மூன்று டாக்டர்களும் ஏன் மூன்று விதமாகச் சொன்னார்கள் என்பதை விளக்க முடியும்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள், மூளையில் கிருமி இல்லாமல், காய்ச்சலோடு மட்டும் வருவது காய்ச்சல் வலிப்பு. உடம்பு முழுக்க இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் ஒரு தடவையோடு போனால் சாதாரண வகை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 15 நிமிடத்தைத் தாண்டினாலோ, அதே நாளில் திரும்ப வந்தாலோ சிக்கலான வகை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுடையது முதல் வகை.

திரும்ப வருவது சகஜம். முதல் வலிப்பு ஒரு வயதுக்கு முன் வந்திருந்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் திரும்ப வரும். ஒரு வயதுக்கு மேல் என்றால் பத்தில் மூன்று பேருக்கு. உங்கள் மகன் முதல் கூட்டம், அதனால் மூன்று முறை வந்ததில் அதிசயம் இல்லை, நீங்கள் செய்த தவறும் இல்லை. பின்னாளில் காக்காய் வலிப்பு நோயாக மாறும் வாய்ப்பு பொதுவாக நூறில் ஒரு குழந்தைக்கு இருக்கிறது என்றால், சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் அது ஒன்றிலிருந்து இரண்டு. புத்தி மந்தமாகாது. படிப்பு கெடாது.

இப்போது மருந்துக்கு வருகிறேன். ஃபீனோபார்பிட்டோன் தினமும் கொடுத்தால் வலிப்பு குறையும் என்று ஒரு காலத்தில் உலகம் முழுக்கக் கொடுத்தோம். 1990-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. அந்த மருந்து எழுதப்பட்ட குழந்தைகளின் ஐக்யூ, இரண்டு வருட முடிவில், மருந்தில்லாத வெறும் சிரப் குடித்த குழந்தைகளைவிடச் சராசரியாக 8 புள்ளிக்கு மேல் குறைந்திருந்தது. வலிப்பிலும் பெரிய லாபம் தெரியவில்லை. நீங்கள் பார்க்கும் கத்தலும் தூக்கமின்மையும் அந்த மருந்துக்கே உரியவை. பெரியவர்களைத் தூங்க வைக்கும் அதே மருந்து சின்னப் பிள்ளைகளை முறுக்கிவிடும். வால்புரோயேட் வலிப்பைக் குறைக்கும், ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே அரிதாகக் கல்லீரலைக் கெடுக்கும். ஃபெனிடாயின், கார்பமஸபின் இரண்டும் காய்ச்சல் வலிப்பைத் தடுப்பதே இல்லை. இதையெல்லாம் எடை போட்டுத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2008-இல், சாதாரண வகைக்குத் தினசரி மருந்தும் வேண்டாம், காய்ச்சல் நாள் மருந்தும் வேண்டாம் என்று எழுதியது. உங்கள் உறவுக்கார டாக்டர் சொன்னது அதைத்தான்.

கோயம்புத்தூர் டாக்டர் சொன்னதும் காற்றில் வந்ததல்ல. 1993-இல் காய்ச்சல் நேரத்தில் மட்டும் வாய்வழி டயசெபாம் கொடுத்துப் பார்த்ததில் திரும்ப வருவது 44 சதவீதம் குறைந்தது. ஆனால் பத்தில் நான்கு குழந்தைகளுக்குத் தள்ளாட்டம், மயக்கம், எரிச்சல் என்று ஏதாவது ஒன்று வந்தது. க்ளோபசாம் அதே குடும்பம், தூக்கம் கொஞ்சம் குறைவு. நம் நாட்டில் அடிக்கடி வருகிற குழந்தைகளுக்கும் பயத்தில் உறைந்த பெற்றோருக்கும் அதை எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். அதன் ஓட்டை உங்கள் பதிவிலேயே இருக்கிறது: சாயங்காலம் உடம்பு சுடவில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் தெரிவதற்கு முன்போ, தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள்ளோ வலிப்பு வந்துவிடும். அந்த இரவில் எந்த மாத்திரையும் முந்திக்கொள்ளாது.

அதனால் என் கருத்தைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரே பதில் இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆகிற வீட்டுக்கு, வலிப்பை வராமல் தடுக்கும் மருந்தைவிட, வந்த வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிறுத்தும் மருந்து முக்கியம். மூக்கில் அடிக்கிற மிடசோலம் ஸ்ப்ரே. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். ஐந்தைத் தாண்டியது தானாக நிற்பது கடினம், அப்போதுதான் ஸ்ப்ரே. உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

ஃபீனோபார்பிட்டோனை நீங்களாக இன்றே நிறுத்திவிடாதீர்கள். ஆறு நாள்தான் என்றாலும், எப்படி நிறுத்துவது என்று ஒரு குழந்தை மருத்துவர் சொல்லட்டும்.

மஞ்சூர் அப்பா

டாக்டர் ஐயாவை மதிக்கிறேன், ஆனால் தினசரி மருந்தே வேண்டாம் என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் மகனுக்கு ஏழாம் மாதம் முதல் வலிப்பு. வலது கையும் வலது காலும் மட்டும் இழுத்தது, 25 நிமிடம். குந்தா பக்கத்திலிருந்து ஊட்டி வரைக்கும் அந்த வளைவுகளில் பிள்ளை மடியில் இழுத்துக்கொண்டே வந்தது. அடுத்த மாதம் இடது பக்கம், 40 நிமிடம். எங்களுக்கு வால்புரோயேட் தினமும் கொடுக்கிறோம், மூன்று வருடமாக. அதில்தான் உயிர் பிழைத்தான் என்று நம்புகிறோம். அண்டை வீட்டார் "எல்லாக் குழந்தைக்கும் வரும், தானாகப் போய்விடும்" என்று சொன்னதைக் கேட்டு நாங்கள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மலையூர் குழந்தை மருத்துவர்

நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. நான் சொன்னது சாதாரண வகைக்கு. உங்கள் மகனுடையது அந்தக் கதை இல்லை. ஒரு வயதுக்குள், நீண்ட நேரம், ஒரு முறை வலம் ஒரு முறை இடம் என்று பக்கம் மாறி வந்தால் டிராவே சிண்ட்ரோம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் வரும் கோளாறு அது. பரிசோதனை செய்தாயிற்றா? அதில் வால்புரோயேட், க்ளோபசாம் சரியான மருந்துகள். ஆனால் கார்பமஸபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் கொடுத்தால் வலிப்பு கூடும். எந்த ஊரில் யார் எழுதினாலும் இந்த மூன்று பெயரைச் சொல்லி எச்சரியுங்கள். ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவரின் கையில் இருக்க வேண்டிய பிள்ளை.

மஞ்சூர் அப்பா

மரபணு டெஸ்ட் யாரும் இதுவரை சொல்லவில்லை. அடுத்த முறை கோவை போகும்போது கேட்கிறேன். நன்றி ஐயா.

குன்னூர் மருந்துக்கடை

கடைக்காரனாக இரண்டு விஷயம்.

மிடசோலம் ஸ்ப்ரே டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. எச்1 பட்டியல் மருந்து, பதிவேட்டில் எழுதி வைத்துத்தான் கொடுப்போம். மலையில் எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, போன் செய்துவிட்டு வாருங்கள். பரவலாகக் கிடைப்பது ஒரு அடிக்கு, அதாவது ஒரு முறை அழுத்தினால், 0.5 மி.கி. தருவது. 10 கிலோ குழந்தைக்குப் பொதுவாக எழுதப்படுவது 2 மி.கி., அதாவது நான்கு அடி, மூக்கின் இரண்டு துளைக்கும் இரண்டிரண்டாக. ஒரு அடிக்கு 1.25 மி.கி. வருகிற பாட்டிலும் உண்டு. பாட்டிலை மாற்றினால் எண்ணிக்கையும் மாறும், அட்டையைப் பார்க்காமல் பழைய கணக்கில் அடிக்கக் கூடாது. புது பாட்டிலை முதலில் காற்றில் சில தடவை அடித்துத் தயார் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முதல் அடியில் வெறும் காற்று வரும். காய்ச்சல் பிள்ளைக்கு மூக்கு ஒழுகும், துடைத்துவிட்டு அடியுங்கள்.

இரண்டாவது, பாரசிட்டமால். இதில்தான் நான் அதிகம் தவறு பார்க்கிறேன். சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கிறது. 120 சிரப்பில் 5 மி.லி.க்கு 120, அதாவது 1 மி.லி.க்கு 24 தான். 250 சிரப்பில் 1 மி.லி.க்கு 50. உங்கள் 11 கிலோ பையனுக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 165 மி.கி. 120 சிரப் என்றால் 7 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மி.லி.யை ஒட்டி. சிரப் அளவை ஞாபகம் வைத்துச் சொட்டு மருந்தை 7 மி.லி. ஊற்றிய ஒரு பாட்டியை என் கடை வாசலிலேயே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பிள்ளை தப்பியது. காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த நிமசுலைடு சிரப் பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் கொட்டிவிடுங்கள். 12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2011-லேயே தடை வந்துவிட்டது.

கோத்தகிரி அம்மா

எல்லோருக்கும் நன்றி, கண் கலங்கித்தான் படித்தேன். எங்கள் வீட்டில் சொட்டு மருந்தும் 250 சிரப்பும் ஒரே டப்பாவில் இருந்தன. பிரித்துவிட்டேன்.

டாக்டர், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பாரசிட்டமால் விடாமல் கொடுத்தால் வலிப்பு வராதா? அன்று மூக்கு ஒழுகியதும் கொடுத்திருக்கலாமே என்று தினமும் நினைக்கிறேன். இன்னொன்று, ஒன்றரை வயது பூஸ்டர் ஊசி போடவில்லை. ஊசிக் காய்ச்சலில் வலிப்பு வரும் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

தேனாடு பாட்டி

என் பேத்தி தட்டச்சு செய்கிறாள். எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், காய்ச்சல் என்றால் கம்பளியில் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்துவோம். குளிர் ஏறினால் ஜன்னி கண்டுவிடும் என்பார்கள். அது சரிதானா? இன்னொன்று, என் தங்கை மகனுக்குக் காய்ச்சலே இல்லாமல், தலைக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றும்போது மட்டும் வலிப்பு வரும். அதுவும் இதே நோயா?

மலையூர் குழந்தை மருத்துவர்

பாரசிட்டமால் உடம்பு வலிக்கும் அசதிக்கும்தான், வலிப்பைத் தடுக்க அல்ல. விடாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அடுத்த காய்ச்சலின் வலிப்பு குறையவில்லை. மூக்கு ஒழுகியதும் கொடுத்திருந்தாலும் அந்த இரவு அப்படியே போயிருக்கலாம். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள் அம்மா.

பூஸ்டரைப் போடுங்கள். டிபிடி என்ற முத்தடுப்பு ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றோ மறுநாளோ வரும், தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு ஒரு வாரம் கழித்து வரும். நாள் தெரிந்திருப்பதால் ஸ்ப்ரேயை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். கக்குவானுக்கும் தட்டம்மைக்கும் வரும் காய்ச்சல் ஊசிக் காய்ச்சலைவிடப் பல மடங்கு பெரியது. குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-இலிருந்து இருக்கிறது, முத்தடுப்பு ஊசியே நம் மலையில் செய்து நாடு முழுக்கப் போயிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது போடாமல் விடலாமா?

பாட்டி, நம் குளிருக்கு ஒரு மெல்லிய சட்டையும் ஒரு போர்வையும் போதும். கம்பளியில் இறுக்கிச் சுற்றினால் உள்ளேயே சூடு தங்கிவிடும். ஐஸ் தண்ணீரிலும் துடைக்காதீர்கள், நடுக்கம் வந்து சூடு ஏறும். மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் புகை பெரியவரையும் சேர்த்துக் கொல்லும்.

தங்கை மகனுடையது வேறு. வெந்நீர் வலிப்பு என்றே பெயர். நமக்கு அந்தப் பக்கம் மைசூர், மாண்டியா வட்டாரத்தில் நிறையப் பேருக்கு உண்டு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தலையில் செம்பு செம்பாகச் சுடுநீர் ஊற்றும்போது வரும். நீரை வெதுவெதுப்பாக்கி, உடம்பில் தொடங்கித் தலையைக் கடைசியில் நனைத்தாலே பலருக்குக் குறையும். குறையாதவர்களுக்குத் தலைக்குக் குளிப்பதற்கு முன் ஒரு வேளை க்ளோபசாம் எழுதுவார்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

கூடலூர் தகப்பன்

ஸ்ப்ரே பற்றி ஒரு பயம் டாக்டர். மூச்சு நின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டில் படிக்காதவர்கள் கையில் கொடுக்கலாமா?

மலையூர் குழந்தை மருத்துவர்

நியாயமான பயம்தான். எழுதிய அளவைத் தாண்டினாலோ, நிற்கவில்லையே என்று நாமாகத் திரும்பத் திரும்ப அடித்தாலோ மூச்சு மந்தமாகலாம். எழுதிய அளவில் ஒரு முறை என்றால் அது அரிது. நாற்பது நிமிடம் நிற்காத வலிப்பு அதைவிட அதிகமாக மூச்சைக் கெடுக்கும். அடித்த பின் பக்கவாட்டில் படுக்க வைத்து, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். க்ளோபசாம் கொடுத்திருந்தால் அதையும் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள், இரண்டும் ஒரே குடும்ப மருந்து, மயக்கம் கூடும். இழுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தனி ஆளாக மடியில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டாதீர்கள்.

வலிப்பு நின்று ஒரு மணி நேரம் ஆகியும் தெளியாவிட்டால், கழுத்து விறைத்திருந்தால், வாந்தி நிற்காவிட்டால், ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால், ஸ்ப்ரே இருக்கிறது என்று வீட்டில் உட்காரக் கூடாது. அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இரத்த சோகை இருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள், இரும்புச்சத்துக் குறைவுக்கும் காய்ச்சல் வலிப்புக்கும் தொடர்பு இருப்பதாக நம் நாட்டு ஆய்வுகளே சொல்கின்றன.

கோத்தகிரி அம்மா (ஐந்து வாரம் கழித்து)

சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. கோயம்புத்தூர் டாக்டரிடம் நேரில் போனோம். ஃபீனோபார்பிட்டோனைக் குறைத்து நிறுத்தினார்கள். நான்காம் நாள் பழைய பிள்ளையாகிவிட்டான். க்ளோபசாம் வேண்டாம் என்று நாங்களே கேட்டுக்கொண்டோம், எங்களுக்கும் வாசலில் படிதான். ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.9 வந்தது, இரும்பு சிரப் ஓடுகிறது.

பிஸ்கட் டப்பா ஒன்றில் ஸ்ப்ரே, டார்ச், சீட்டு எல்லாம் வைத்து, மூடிமேல் "11 கிலோ – 4 அடி" என்று மாமனார் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். எடை ஏறினால் டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

போன வியாழன் விடியற்காலை மூன்றரைக்குத் திரும்ப வந்தது. 102 டிகிரி. கணவர் பக்கவாட்டில் திருப்பினார், நான் டப்பாவைத் திறந்து ஸ்ப்ரேயைக் கையில் வைத்துக்கொண்டேன். மாமியார் சாவியைத் தேடவில்லை. கடிகாரத்துக்கு எதிரே நின்று, "அரை நிமிஷம்... ஒரு நிமிஷம்..." என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு நிமிடம் பத்து வினாடியில் நின்றது. ஸ்ப்ரேயின் மூடியைக் கழற்றவே இல்லை. காலையில் டாக்டரிடம் காட்டினோம், தொண்டைச் சளிதான்.

காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகிறது. வரும் புதன்கிழமை சப் சென்டரில் பூஸ்டர் போடுகிறோம், மாமியாரும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.